தங்கூசி (நைலான் தூண்டில்) நரம்பில் சிக்கிய நீர்ப்பறவையை விடுவிப்பது எப்படி?

புதுச்சேரி ஊசுட்டேரிக் கரையிலோ கடலூர் உப்பனாற்றங்கரையிலோ ஒரு கொக்கு நொண்டினால், முதலில் காலைப் பாருங்கள். அறுத்துப் போட்ட தூண்டில் நரம்பு சுற்றியிருக்கலாம். பறவை உதற உதற அது இறுகும்.

பழைய துண்டு, முனை மழுங்கிய கத்தரிக்கோல், கட்டிங் பிளையர், கண்ணுக்குப் போடும் கண்ணாடி, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி: இவ்வளவு போதும். பறவை ஆழத் தண்ணீரில் இருந்தால் இறங்கித் துரத்தாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

1. பிடிப்பது

பின்னாலிருந்து துண்டைத் தலையோடு போர்த்துங்கள். கண் மறைந்தாலே பாதி அடங்கிவிடும். நாரையும் கொக்கும் முகத்தைக் குறிபார்த்துக் குத்தும், கண்ணாடி அதற்குத்தான். இறக்கைகளை உடம்போடு அணையுங்கள், ஆனால் மார்பை அழுத்தாதீர்கள். பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு.

நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் மூக்குத்துளை அடைபட்டிருக்கும், வாயால்தான் சுவாசம். அலகை ரப்பர் பேண்டால் கட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். அலகுகளுக்கு நடுவே ஒரு விரலைக் கொடுத்துப் பிடியுங்கள்.

2. நரம்பை வெட்டுவது

இழுக்கவே கூடாது. மழுங்கிய முனையைத் தோலுக்கும் நரம்புக்கும் இடையே விட்டு, ஒவ்வொரு சுற்றாக வெட்டுங்கள். சதைக்குள் புதைந்ததைத் தொடாதீர்கள்.

3. தூண்டில் முள்

நுனி வெளியே தெரிந்தால் மட்டும், எதிர்க்கூர் (பின்னோக்கி நீளும் சிறு கூர்) உள்ள பகுதியைப் பிளையரால் வெட்டிவிட்டு, வந்த வழியே உருவலாம். வாயிலிருந்து நரம்பு தொங்கினால் முள் உள்ளே போயிருக்கிறது. இழுத்தால் இரைக்குழல் கிழியும். ஒட்ட வெட்டினால் மிச்சமும் உள்ளே போய், மருத்துவருக்குப் பிடி கிடைக்காது. ஒரு சாண் விட்டு வெட்டி, நுனியில் டேப்பை மடித்து ஒட்டுங்கள்.

4. உடனே பறக்கவிடாதீர்கள்

புதியவர்கள் தவறுவது இங்கேதான். வெட்டியதும் நன்றாக நிற்கும். ரத்தம் ஓடாமல் கிடந்த கால் சில நாள் கழித்துத்தான் அழுகத் தொடங்கும். பெட்டியில் இருட்டாக வையுங்கள். தண்ணீர் புகட்ட வேண்டாம், மூச்சுக்குழலின் வாய் நாக்கு தொடங்கும் இடத்திலேயே இருக்கிறது.

புதுச்சேரி என்றால் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி, கடலூர் என்றால் வனத்துறை அல்லது அரசு கால்நடை மருத்துவமனை. தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டை விழுங்கியிருக்கலாம் என்று தோன்றினால் மறக்காமல் சொல்லுங்கள். இரைப்பையில் அரைபட்டு ரத்தத்தில் கலக்கும் நஞ்சு அது, எக்ஸ்ரேயில் தெரியும். குணமாகும்வரை வீட்டில் வளர்க்கலாம் என்ற யோசனை வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்காது.

திரும்பி வந்து அதே இடத்தைத் தேடுங்கள். மீதி நரம்பு கருவேல மரக் கிளையில் ஆடிக்கொண்டிருக்கும். விரல் நீளத்துண்டுகளாக நறுக்கி, மூடி போட்ட பாட்டிலில் அடைத்துக் குப்பைக்கு அனுப்புங்கள்.