இடைக்கால ஐரோப்பாவின் செபப் புத்தகங்கள்: இப்படியெல்லாம் நினைத்துவிடாதீர்கள்

முதல் தவறு, புத்தகம் என்றாலே வாசிக்கத்தான் என்று முடிவு கட்டிவிடுவது.

கத்தோலிக்கக் குருவானவர் திருப்பலியில் பார்த்துச் சொல்லும் பூசைப் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பத்தையும் ரசத்தையும் அர்ப்பணித்துச் சொல்லும் நற்கருணை மன்றாட்டு தொடங்கும் இடத்தில், இயேசு சிலுவையில் தொங்கும் ஓவியம் ஒரு முழுப் பக்கத்துக்கு இருக்கும். பல பிரதிகளில் அவருடைய பாதமோ சிலுவையின் அடியோ வண்ணம் போய் மங்கிக் கிடக்கும். ஈரம் பட்டுக் கெட்டுவிட்டது, சரியாகப் பாதுகாக்கவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். பூசை வைத்த குருவானவர் குனிந்து முத்தமிட்டு, முத்தமிட்டு, வருஷக்கணக்கில் தேய்ந்த இடம் அது. ஓவியம் இப்படி அழிவதைப் பார்த்துத்தான் பக்கத்தின் கீழ் ஓரத்தில் சின்னதாகத் தனிச் சிலுவை ஒன்றை வரைந்து வைத்தார்கள், உதடு அங்கே படட்டும் என்று. பளபளவென்று இருக்கும் பக்கங்களைவிட இந்தத் தேய்ந்த பக்கங்கள்தான் எனக்குப் பெரிது.

அழுக்கும் அப்படித்தான். கேத்ரின் ரூடி என்ற கலை வரலாற்று ஆய்வாளர் பக்க ஓரங்களில் படிந்த விரல் அழுக்கைக் கருவி வைத்தே அளந்தார். ஓரம் கருத்திருந்தால் அந்தச் செபத்தை அடிக்கடி சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கொள்ளைநோய்க்கு அஞ்சிப் புனித செபஸ்தியாரிடம் வேண்டிய செபம் அப்படிக் கருத்துப்போன பக்கங்களில் ஒன்று.

அப்புறம், கோயிலுக்குக் கோயில் முழு பைபிள் இருந்தது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் வட பகுதியில் எழுதி, 716இல் மடாதிபதி செயோல்பிரித் ரோமுக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிய பைபிளில் 1,000 ஏடுகளுக்கு மேல், எடை 30 கிலோவைத் தாண்டும். அதை யார் தினமும் தூக்குவது? வழிபாட்டில் புழங்கியவை இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நற்செய்தி நூல், பைபிளின் துதிப்பாடல்கள் அடங்கிய சங்கீதப் புத்தகம், பூசைப் புத்தகம் என்று தனித்தனியானவை.

இவையெல்லாம் துறவிகளின் சொத்து என்பதும் சரியல்ல. நாளின் வேளைக்கு ஒரு செபமாகத் தொகுத்த மணிச் செபப் புத்தகம் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினர் வீடுகளுக்குள் வந்துவிட்டது, பெண்கள் பலர் கையில் இருந்ததும் அதுதான். புரட்டஸ்தாந்து சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கு முன் தாய்மொழியில் பைபிளே இல்லை என்பார்கள். ஜெர்மன் பைபிள் ஸ்ட்ராஸ்பர்க்கில் அச்சானது 1466இல், லூத்தரின் புதிய ஏற்பாடு வந்ததோ 1522இல்.

புத்தகம் வாசிக்க மட்டுமல்ல என்பதற்கு இன்னொன்று. இங்கிலாந்தின் புனித குத்பெர்ட் 687இல் இறந்தவர். 1104இல் டர்ஹமில் அவருடைய சவப்பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே, கைக்கு அடக்கமாக, சிவப்புத் தோல் அட்டை போட்ட யோவான் நற்செய்தி.