படகு டிரெய்லர் பேரிங்: சீலைக் கவனித்தால் சக்கரம் நிற்காது

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து வடக்கே சோட்வானா பே என்ற கடற்கரைக்குப் போக சுமார் 350 கிலோமீட்டர். நானும் மச்சானும் வருடத்துக்கு நாலைந்து தடவை படகை இழுத்துக்கொண்டு போவோம். ஒரு தடவை என்2 சாலையில் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டோம். முதலில் கிரீஸ் கருகிய வாடை. கண்ணாடியில் பார்த்தால் இடது சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, ஹப்பிலிருந்து (பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதி) புகை வந்துகொண்டிருந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால்தான் ஒரு பட்டறையில் காசு கொடுத்து பேரிங் மாற்றியிருந்தோம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றியபோது காரணம் தெரிந்தது. பேரிங் புதியதுதான், நல்லதும்கூட. சீலைத்தான், அதாவது கிரீஸை உள்ளேயும் தண்ணீரை வெளியேயும் நிறுத்தும் ரப்பர் வளையத்தைத்தான், திருப்பிப் போட்டிருந்தார்கள். கிரீஸ் வெளியே போய், கடல் தண்ணீர் உள்ளே வந்து, மிச்சமிருந்த கிரீஸ் பால் டீ நிறத்தில் இருந்தது. உருளைகள் நீலம் பாரித்துப்போய், உள் வளையம் ஸ்பிண்டிலோடு (சக்கரம் சுற்றும் ஆக்சில் முனை) ஒட்டிக்கொண்டது. அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து இந்த வேலையை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் வீட்டு வாசலிலேயே, மே மாதம், சாளை மீன் வருவதற்கு முன்னால் ஒரு தடவை, கோடை மீன்பிடிப்பு முடிந்ததும் ஒரு தடவை செய்கிறேன். உப்புத் தண்ணீரில் இறங்காத சாதாரண டிரெய்லருக்கு வருடம் ஒரு முறை போதும்.

கழற்றுவதற்கு முன்னால் சோதனை. பக்கி வண்டியோடு டிரெய்லரை மாட்டி (பிக்கப்பை இங்கே பக்கி என்பார்கள்), கை பிரேக்கைப் போட்டு, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியில் தூக்கிய பிறகு ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைக்காமல் கையை உள்ளே விடாதீர்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். லேசான அசைவு தப்பில்லை, லொடலொடவென்று ஆடினால் நட்டு தளர்ந்திருக்கும் அல்லது பேரிங் தேய்ந்திருக்கும். அப்புறம் சுற்றிவிட்டு, இன்னொரு கையை ஸ்பிரிங் பட்டையில் வைத்துப் பாருங்கள். பேரிங்கில் பள்ளம் விழுந்திருந்தால் காதுக்கு முன் கைக்குத் தெரிந்துவிடும், மணல் அரைபடுவதுபோல.

மூடியைத் தட்டி எடுத்து, ஸ்பிளிட் பின்னை (நட்டு கழலாமல் பூட்டும் இரட்டைக் கால் ஊசி) நிமிர்த்தி உருவி, தலையில் வெட்டுகள் இருக்கும் 'கேஸில்' நட்டைக் கழற்றி, ஹப்பை இழுத்தால் வெளி பேரிங் கையில் வந்துவிடும். உள் பேரிங் சீலுக்குப் பின்னால் இருக்கும். சீலைப் பட்டையான இரும்பால் நெம்பி எடுங்கள். அதைத் திரும்பப் போடப் போவதில்லை, நசுங்கினால் கவலையில்லை. பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். காற்றுக் குழாயை வைத்து வேகமாகச் சுற்றவிட்டுக் காயவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்ந்த உருளைகள் அப்படிச் சுற்றினால் கெட்டுப்போகும், கூடு உடைந்து உருளை தெறிக்கவும் செய்யும்.

வெயிலில் வைத்து ஒவ்வொரு உருளையாகப் பாருங்கள். புள்ளிப் பள்ளம், துரு, நீலம் அல்லது வைக்கோல் நிறம், ஏதாவது ஒன்று தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஹப்புக்குள் இருக்கும் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புது உருளை ஓடினால் பழைய பள்ளம் புதியதையும் தின்றுவிடும். நம்பர் பேரிங்கின் பக்கவாட்டில் செதுக்கியிருக்கும், கடைக்குப் பழையதையே எடுத்துப்போவது நல்லது. பழைய வளையத்தைப் பித்தளைக் கம்பியால் இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று மாற்றி மாற்றித் தட்டி எடுங்கள். புதியதை அதே முறையில் இறக்குங்கள். அடியில் போய் உட்கார்ந்ததும் சத்தம் மாறும். அதுவரை 'டப் டப்' என்று வந்தது 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும்.

கிரீஸ் அடைப்பதில் அவசரம் கூடாது. கடல் தண்ணீருக்கென்றே விற்கிற கிரீஸை வாங்குங்கள். பழைய கிரீஸோடு கலக்காதீர்கள். இரண்டு வகை சேர்ந்தால் சில சமயம் தண்ணீராக இளகிவிடும். உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். கொஞ்ச நேரத்தில் உருளைகளின் இடுக்கு வழியாக மேல்பக்கம் இடியாப்பம் பிழிந்ததுபோல் கிரீஸ் எட்டிப் பார்க்கும். முழு வட்டமும் அப்படி வர வேண்டும். மேலே பூசிவிட்டால் உள்ளே வெறும் காற்றுதான் இருக்கும்.

இப்போது சீல். ரப்பர் உதட்டுக்குப் பின்னால் மெல்லிய ஸ்பிரிங் வளையம் தெரியும் பக்கம் பேரிங்கைப் பார்த்து, அதாவது ஹப்பின் உள்ளே பார்த்து இருக்க வேண்டும். எங்களுக்குப் போட்டவர்கள் இதைத்தான் மாற்றிவிட்டார்கள். முதலில் உள் பேரிங்கை வைத்து, அதன் மேல் சீலை வைத்து, தட்டையான மரக்கட்டையைக் குறுக்கே போட்டு, ஹப்பின் விளிம்போடு சமமாகும்வரை மெதுவாகத் தட்டுங்கள். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஸ்பிண்டிலில் சீல் உரசும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். லேசான துரு என்றால் மெல்லிய உப்புத்தாளால் துடைக்கலாம். நகம் சிக்கும் அளவு பள்ளம் இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். அந்த இடத்தில் ஏற்றுவதற்கென்றே எஃகு வளையம் கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஹப்பை மாட்டும்போது நேராகப் பிடியுங்கள், ஸ்பிண்டிலில் நட்டு ஏறும் மரையில் உதடு உரசிக் கிழியக் கூடாது.

வெளி பேரிங், வாஷர், நட்டு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, கொஞ்சம் கனமாகச் சுற்றும்வரை ஸ்பேனரால் இறுக்குங்கள். பிறகு நட்டை முழுதாகத் தளர்த்தி, இரண்டு விரலால் மட்டும் இறுக்குங்கள். பின் துளை நேராகவில்லையா, பின்பக்கமாக அடுத்த வெட்டுக்குத் தளர்த்துங்கள், இறுக்க வேண்டாம். புது ஸ்பிளிட் பின் போட்டு இரு காலையும் மடக்குங்கள். கிரீஸ் துப்பாக்கியால் அடைக்கிற ஸ்பிரிங் மூடி வைத்திருந்தால், தட்டு லேசாக மேலே வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அழுத்தினால் பின்பக்க சீல் பிதுங்கி, பிரேக் இருக்கும் டிரெய்லரில் கிரீஸ் பிரேக் லைனிங்கில் ஏறிவிடும்.

கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டுத் தாத்தா, இங்கே வலை இழுத்த குடும்பத்துப் பிள்ளை, எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. "வந்தவுடனே தண்ணிக்குள்ள விடாதே தம்பி, சூடு ஆறட்டும்" என்பார். விஷயம் உண்மைதான். நூறு கிலோமீட்டர் ஓடிய ஹப் சூடாக இருக்கும். குளிர்ந்த கடலில் இறக்கினதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அரை மணி நேரம் காத்திருங்கள். லைஃப் ஜாக்கெட் எடுக்கவும், படகின் அடைப்பான்கள் போட்டிருக்கிறதா என்று பார்க்கவும் அந்த நேரம் சரியாக இருக்கும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் சக்கரத்தை அலசுங்கள்.

வேலை முடிந்த முதல் பயணத்தில் நாங்கள் பல்லிட்டோவில் நிறுத்துவோம், டர்பனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். இறங்கி வீல் நட்டுகளை மறுபடி இறுக்குவோம். அப்புறம் புறங்கையை ஒவ்வொரு ஹப்பிலும் வைத்துப் பார்ப்போம். இதமான சூடு இருந்தால் போகலாம். கையை வைக்கவே முடியாவிட்டால், அல்லது ஒரு பக்கம் மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால், அங்கேயே ஜாக்கியை எடுத்து அந்தச் சக்கரத்தின் 'கேஸில்' நட்டை இன்னொரு தடவை பார்ப்போம்.