சும்மா கிடைக்கும் கோடை உலா: சின்னப் பிள்ளைகளோடு போகும்போது சறுக்கும் இடங்கள்

நுழைவுக் கட்டணம் இல்லாத அருங்காட்சியகம் ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து போனோம். வாசலில் அகலமான படிக்கட்டு. என் மூன்று வயது மகள் அதில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். இருபது நிமிடம் இதே வேலை. "உள்ளே எவ்வளவோ இருக்கு, வாம்மா" என்று இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே பத்தாவது நிமிடத்தில் அழுகை. வெளியே தூக்கி வந்ததும் நேராகப் படிக்கட்டுக்கு ஓடினாள். படிக்கட்டு எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

காசு கொடுத்து நுழைந்த இடத்தில், கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றுவது சரி, புரிந்துகொள்ளலாம். காசே கொடுக்காத இடத்திலும் நாம் அப்படித்தான் நடந்துகொள்கிறோம். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்ற எண்ணம் பிடித்து இழுக்கிறது. உண்மையில் இலவச இடத்தில் கிடைக்கும் பெரிய லாபமே பாதியில் எழுந்து வரலாம் என்பதுதான். அரை மணி நேரத்தில் கிளம்பினாலும் நஷ்டம் ஒன்றுமில்லை, அடுத்த வாரம் மறுபடி போகலாம். இந்த ஒரு வசதியை விட்டுக்கொடுப்பதில் இருந்துதான் மற்றப் பல தவறுகளும் முளைக்கின்றன.

ஒரே நாளில் மூன்று இடம் போடுவது அவற்றில் முதலாவது. காலையில் பூங்கா, மதியம் நூலகம், மாலையில் கடற்கரை என்று தாளில் எழுதும்போது அழகாகத்தான் இருக்கும். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் நாளை நகர்த்துவது தூக்கமும் பசியும். மதியம் தூங்கிப் பழகிய பிள்ளை அன்றைக்குத் தூங்காவிட்டால், மாலைக் கடற்கரை யாருக்கும் சந்தோஷம் தராது. தூங்கும் நேரத்தைத் தொடாமல் ஒரே ஓர் இடம், அதுவும் வீட்டுக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொண்டால் போதும். அதே பூங்காவுக்கு நான்காவது தடவை போவது நமக்குத்தான் அலுப்பு. பிள்ளைக்கு எந்தக் கல்லுக்கு அடியில் எறும்பு இருந்தது என்பதுகூட நினைவிருக்கும்.

அடுத்தது, வாசலில் காசு வாங்கவில்லை என்பதற்காகச் செலவே இல்லை என்று நம்புவது. வண்டி நிறுத்தக் கட்டணம், போகவர ஆகும் செலவு, உள்ளே விற்கும் தண்ணீரும் தின்பண்டமும், வெளியேறும் வழியில் பொம்மைக் கடை. பல இடங்களில் கடையைத் தாண்டாமல் வெளியே வரவே முடியாது. அங்கே போய் "வேண்டாம்" என்று சொல்வதைவிட, "இன்னைக்குப் பார்க்க மட்டும்தான், வாங்க மாட்டோம்" என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிடுவது பலமடங்கு சுலபம். அழுகை முற்றிலும் நின்றுவிடாது, குறையும். சாப்பாட்டையும் தண்ணீரையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாம், ஆனால் உள்ளே சாப்பிட அனுமதி உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இலவச நாள் என்று அறிவித்த நாளில் போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள். 1977 முதல் கொண்டாடுகிறார்கள். அன்றைக்குப் பல அருங்காட்சியகங்கள் கட்டணம் வாங்குவதில்லை. பெரிய பிள்ளைகளுக்கு நல்ல நாள். தள்ளுவண்டியில் ஒன்று, கையில் ஒன்று என்று போகிறவர்களுக்குக் கூட்டமும் வரிசையும்தான் மிஞ்சும். சாதாரண நாளில், கதவு திறந்ததும் உள்ளே போய், ஒரே ஒரு கூடத்தைப் பார்த்துவிட்டு வருவது மேல். வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்பதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் நான்கு வயதுப் பிள்ளைக்கு விளக்கம் சொல்லி மாளாது.

நூலகத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுகிறவர்கள் நிறைய. சத்தம் போடக்கூடாத இடம், பிள்ளையை எப்படிக் கூட்டிப் போவது என்ற தயக்கம். பொது நூலகங்கள் பலவற்றில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு, கதை சொல்லும் நேரம் உண்டு, கோடை விடுமுறையில் வாசிப்பு நிகழ்ச்சிகளும் நடக்கும். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்துக்கு இதைவிட மலிவான நிழல் கிடைக்காது.

இனி வெயில். அலுப்பும் அழுகையும் வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடும். வெயிலிலும் தண்ணீரிலும் செய்யும் தவறுகள் அப்படியல்ல.

சின்னப் பிள்ளைகளின் உடல் நம்முடையதைவிட வேகமாகச் சூடாகும். எடையோடு ஒப்பிட்டால் அவர்களுடைய தோல் பரப்பு அதிகம், வியர்ப்பதோ குறைவு. ஆகவே "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்பது அளவுகோல் ஆகாது. காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை திறந்த வெளியைத் தவிர்ப்பது நல்லது. கடிகாரம் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம்: நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை. இதைப் பிள்ளைக்கே சொல்லிக் கொடுங்கள், நிழலை அளப்பதே ஒரு விளையாட்டாகிவிடும். மேகமூட்டமாக இருக்கிறதே என்று ஏமாறவும் கூடாது, மெல்லிய மேகத்தைப் புற ஊதாக் கதிர்கள் எளிதில் ஊடுருவிவிடும். சன்ஸ்கிரீன் பூசுவதாக இருந்தால் எஸ்.பி.எஃப். (புட்டியில் போட்டிருக்கும் வெயில் தடுப்பு எண்) 30க்குக் குறையாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரில் நனைந்த பிறகும் மறுபடி பூச வேண்டும். காலையில் ஒருமுறை பூசிவிட்டு நாள் முழுக்க நிம்மதியாக இருப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிழலும் உடலை மூடிய மெல்லிய துணியும் போதும். அந்த வயதுக் குழந்தைக்கு வெயில் என்பதற்காகத் தண்ணீர் கொடுக்கவும் வேண்டாம், பாலையே அடிக்கடி கொடுக்கலாம்.

நல்லது என்று நினைத்துச் செய்யும் தவறு ஒன்று உண்டு: தள்ளுவண்டியின் மேல் துணி போர்த்துவது. மெல்லிய துணிதானே என்று தோன்றும். உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும், குழந்தையின் முகமும் நம் கண்ணுக்குத் தெரியாது. குடையோ வண்டியின் சொந்தக் கூரையோ போதும். அதேபோல, சறுக்குமரத்தில் ஏற்றிவிடும் முன் அதைத் தொட்டுப் பாருங்கள். உலோகம் மட்டுமில்லை, வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கும் கருநிற ரப்பர் தரையும்கூடப் பிஞ்சுத் தோலைச் சுட்டுவிடும்.

அப்புறம் கார். தூங்கிவிட்டானே, எழுப்ப வேண்டாம், இதோ ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று விட்டுப் போகவே கூடாது. நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. வழக்கம் மாறிய நாளில் பின் இருக்கையில் குழந்தை இருப்பதையே மறந்து போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் அன்பான பெற்றோர்தான். கைப்பையையோ ஒரு காலணியையோ பின் இருக்கையில் போட்டு வைத்தால், இறங்கும்போது எப்படியும் பின்னால் திரும்பிப் பார்த்தாக வேண்டும்.

பிள்ளை சோர்ந்து, தலைவலி, குமட்டல் என்றால் உடனே குளிர்ந்த இடம், தண்ணீர், ஓய்வு. பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் போனாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடலைக் குளிர்வித்துக்கொண்டே அவசர உதவியைக் கூப்பிட வேண்டும்.

செலவில்லாத கோடை என்றால் பெரும்பாலும் தண்ணீர்தான்: ஆறு, ஏரி, கடல், வீட்டு முற்றத்தில் ஒரு தொட்டி. நீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து ஒன்றிலிருந்து நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே மிக அதிகம். மூழ்குகிற பிள்ளை கையை வீசி அலறும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சுக்குத் தவிக்கும் வாய்க்குக் கூப்பிட நேரம் ஏது? ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்கூடக் கைக்குழந்தைக்குப் போதுமான ஆழம். விளையாடி முடித்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள்.

இதில் நான் அதிகம் பார்க்கும் தவறு, ஆறேழு பெரியவர்கள் கரையில் இருப்பது. ஆறேழு பேர் இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் நினைப்பார்கள். "அடுத்த பதினைந்து நிமிடம் நீங்க பாருங்கண்ணா, அப்புறம் நான்" என்று வாய்விட்டுச் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடம் அவர் கையில் போன் இருக்கக் கூடாது. சின்னப் பிள்ளை என்றால் கரையிலிருந்து பார்ப்பதும் போதாது, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். கையில் மாட்டும் காற்றடைத்த வளையங்கள் விளையாட்டுச் சாமான்கள், உயிர்காப்புச் சாதனங்கள் அல்ல. கழன்றுவிடும், காற்றும் இறங்கிவிடும். குளியல் உடை வாங்கும்போது நீலமும் வெள்ளையும் வேண்டாம், தண்ணீருக்கு அடியில் அவை கண்ணுக்கே தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நல்லது. இடி கேட்டால் தண்ணீரை விட்டு வெளியே வந்து, கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் தொலைவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கிளம்பும்போது பிள்ளையை அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் சட்டையின் நிறம் நினைவுக்கு வராது. கையில் பேனாவால் உங்கள் போன் எண்ணை எழுதிவிடுங்கள்.

வானத்தைப் பார்ப்பதும் காசில்லாத உலாதான், அதிலும் நாம் பெரிதாக ஆசைப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறோம். ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் உச்சம் தொடும் பெர்சீட் எரிகல் பொழிவு பூமியின் வடபாதியில் நன்றாகத் தெரியும், ஆனால் நள்ளிரவுக்குப் பிறகுதான் களைகட்டும். மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் பேசாமல் இரு என்றால் நடக்குமா? மாலையிலேயே தெரியும் பிறை நிலா போதும். வாசலில் நின்று பார்த்தாலே அடுத்த நாள் அது கொஞ்சம் பெருத்திருக்கும் என்று பந்தயம் கட்டலாம்.

கடைசியாக, கிளம்பும் நேரம். அழுகை வரும்வரை காத்திருந்து கிளம்புவதுதான் நம் வழக்கம். பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பப் பழகுங்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்லாதீர்கள், சின்னப் பிள்ளைக்கு ஐந்து நிமிடமும் ஐந்து மணி நேரமும் ஒன்றுதான். "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டுப் போகலாம்" என்றால் விளங்கும். இரண்டு மூன்றாவதற்குப் பேரம் நடக்கும். நான் வழக்கமாக மூன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் இரண்டு என்று சொல்வேன்.