நெற்சப்பி மருந்துக்குப் பழகவில்லை: பரம்பரை விஷயத்தில் வயலில் நாம் விடும் தவறுகள்

பெரும்போகம் விதைத்து மூன்றாம் கிழமை வந்தால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் எந்த வரம்பில் நின்றாலும், நெல்லோடு நெல்லாக வளரும் நெற்சப்பிப் புல்லைப் பற்றி இந்தப் பேச்சுக் காதில் விழும்: "நெற்சப்பி இந்த மருந்துக்குப் பழகிட்டுது." வெல்லாவெளிப் பக்கம் நாலு ஏக்கர் செய்கிற என் மாமாவும் இதைத்தான் சொல்வார். பெரும்பாலான தவறுகளுக்கு இந்தப் "பழகிட்டுது" என்ற சொல்தான் வேர் என்று நினைக்கிறேன், அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

எந்த ஒரு நெற்சப்பிச் செடியும் தன் வாழ்நாளில் மருந்துக்குப் பழகுவதில்லை. ஒரு வயலில் முளைக்கிற ஆயிரக்கணக்கான செடிகள் நம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஒன்றல்ல. குணங்களைப் பிள்ளைக்குக் கடத்துகிற பரம்பரையலகுகள் பிரதியாகும்போது சின்னச் சின்னப் பிழைகள் நடந்துகொண்டே இருக்கும், அதைத்தான் பள்ளிக்கூடத்தில் விகாரம் என்று படித்தோம். புரோப்பனில் என்ற களைநாசினியை எடுத்துக்கொள்ளுங்கள். அது நெல்லைக் கொல்லாமல் நெற்சப்பியைக் கொன்றதற்குக் காரணம், நெற்பயிரின் இலையில் அந்த மருந்தை உடைத்துப்போடுகிற ஒரு நொதியம் நிறைய இருப்பதுதான். நெற்சப்பியிலும் அது உண்டு, ஆனால் மிகக் குறைவு. எங்கோ ஒரு செடியில் அது கொஞ்சம் கூடுதலாக இருந்தது. மருந்து அடித்த அன்று மற்றதெல்லாம் கருகிப்போக அந்த ஒன்று நின்று விதை கொட்டியது, அடுத்த போகம் அதன் பிள்ளைகள், அதற்கடுத்த போகம் பேரப்பிள்ளைகள். இலங்கையில் 1990களின் பிற்பகுதியிலேயே புரோப்பனிலுக்குச் சாகாத நெற்சப்பியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மருந்து அந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தது. இதுதான் இயற்கைத் தேர்வு, இதுதான் கூர்ப்பு.

சரி, இப்படிப் பார்த்தால் என்ன வித்தியாசம்? செய்கிற வேலையே மாறும். செடி பழகிவிட்டது என்று நினைக்கிறவர் இன்னும் கூட ஊற்றுவார், இல்லாவிட்டால் கடையில் வேறு பெயர் போட்ட போத்தலை வாங்குவார். பெயர் வேறு, லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கிற செயற்படு பொருள் அதே பொருள்! அப்படியானால் மாற்றியது போத்தலை மட்டும்தான். வேறு வழியில் செயற்படுகிற மருந்தாகப் பார்த்து மாற்ற வேண்டும், லேபிளில் உள்ள அளவுக்குக் குறையவும் கூடாது. அப்புறம், மருந்தடித்து இரண்டு கிழமைக்குப் பிறகு பச்சையாக நிற்கிற ஐந்தாறு செடியை "அது கிடக்கட்டும்" என்று விடுவதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு. வட்டை முழுவதிலும் கையால் பிடுங்கியே ஆக வேண்டிய செடிகள் அந்த ஐந்தாறும்தான். போன போகம் மாமாவோடு இறங்கிப் பிடுங்கினேன், அரை நாள் வேலை.

களைநெல்லில் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. அதுவும் நெல் இனமே, அதனால் நெல்லை விட்டு அதை மட்டும் கொல்லும் மருந்து எளிதில் கிடைக்காது. மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மணி உதிராத கதிரையே தெரிந்தெடுத்து விதைத்து வந்தார்கள், களைநெல் அதற்கு நேர்மாறாக அறுவடைக்கு முன்பே உதிர்த்துவிடும். கூர்ப்பு என்றால் முன்னேற்றம் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை வயலில் குனிந்து பார்க்க வேண்டும். உதிர்வது நமக்கு நட்டம், ஆனால் அதற்கு அதுவே பிழைக்கும் வழி. உயரமாய் நிற்பதையும் மீசை நீண்டதையும் நாம் பார்த்துப் பார்த்துப் பிடுங்க, நெல்லைப் போலவே தோற்றம் உள்ளது நம் கைக்குத் தப்பி விதை போடுகிறது. இதை மருந்தால் மட்டும் ஒழிக்க முடியாது. சுத்தமான விதைநெல் வேண்டும், அறுவடை மெசின் அடுத்த வயலிலிருந்து வரும்போது அதைத் துப்புரவாக்கிய பிறகே இறக்க வேண்டும்.

இனி, வாவிப்பக்கத்து உவர் நிலக்காரர் சிலர் விதைநெல்லை உப்புத்தண்ணீரில் ஊறவைத்து "பழக்கி" விதைத்தால் அதன் பரம்பரையே உப்பைத் தாங்கும் என்கிறார்கள். ஊறவைத்தது அந்தப் பயிருக்கு ஏதும் உதவினாலும் அது பிள்ளைக்குச் சொத்தாகப் போகாது. நம் ஆட்கள் எத்தனை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் காது குத்துகிறார்கள், ஒரு பிள்ளையாவது ஓட்டையோடு பிறந்ததா? உவருக்கு வேண்டியது ஏ.ரி. 354 போல அந்தக் குணத்தைப் பிறப்பிலேயே கொண்ட நெல்லினம்.

விதைக்குக் கதிர் தெரிந்தெடுக்கிறபோதும் இதே குழப்பம்தான். வரம்போரத்துப் பயிர் எப்போதும் கொழுத்து நிற்கும், ஏனென்றால் அதற்கு ஒரு பக்கம் போட்டியே இல்லை, வெளிச்சமும் பசளையும் கூட. அந்தக் கொழுப்பு இடத்தால் வந்தது, பரம்பரையால் அல்ல. நெருக்கமாக நிற்கும் நடு வயலில், எல்லாவற்றுக்கும் ஒரே நிலைமை உள்ள இடத்தில், மற்றதை விட நன்றாக நிற்பதைத்தான் தெரிந்தெடுக்க வேண்டும்.

கலப்பின விதையைப் பற்றி எழுதாமல் விட முடியாது. மாமி சந்தையில் வாங்கிய றெட் லேடி என்ற கலப்பினப் பப்பாசி தித்திப்பாக இருந்ததென்று கொட்டையைக் காயவைத்து வளவில் ஆறு கன்று வைத்தார். ஒன்று தாய்ப்பழம் போலவே காய்த்தது. ஒன்றில் காய் உருண்டை, சப்பென்று இருந்தது. இன்னொன்று நீளமாகப் பூக்கொத்து மட்டும் தொங்கவிட்ட ஆண் மரம், அதன் தகப்பன் எந்த வேலிக்கு அப்பால் நின்றதோ! ஏமாற்றிவிட்டார்கள் என்று மாமி சொன்னார், ஆனால் யாரும் ஏமாற்றவில்லை. இரண்டு வேறு பெற்றோரைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை ஒரே சீராக இருக்கும், அதன் விதையில் குணங்கள் பிரிந்து கலைந்துவிடும். கலப்பினச் சோளனும் அப்படியே, விதை எடுத்து வைத்து விதைத்தால் விளைச்சல் விழும். நெல் வேறு கதை, அது பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்வது. அதனால் பி.ஜி. 352, பி.ஜி. 94-1 போன்ற பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்து இனங்களில் கலப்பன்களை, அதாவது கலந்து நிற்கும் வேற்றுச் செடிகளை, பிடுங்கி எறிந்துவிட்டுச் சில போகங்களுக்குத் தைரியமாக விதை எடுக்கலாம். "புது இனம்" என்று சொல்லி கலப்பின விதையையும் இந்த நெல்லையும் ஒன்றென்று நினைப்பது தவறு.

அதை விடப் பெரிய தவறு, ஆய்வுகூடத்திலிருந்து வந்தாலே பரம்பரையலகு மாற்றிய பயிர் என்று பயப்படுவது. ஒட்டுமாங்கன்றில் இரண்டு மரத்தின் தண்டு சேர்ந்திருக்கிறது, பரம்பரையலகை யாரும் தொடவில்லை. வெள்ளத்தில் இரண்டு கிழமை மூழ்கியும் பிழைக்கும் சுவர்ணா சப்-1 நெல்லை இந்தியாவில் 2009 இல் வெளியிட்டார்கள், அந்தக் குணம் ஒடிசாவின் ஒரு பழைய நெல்லிலிருந்து சாதாரணக் கலப்பால் வந்தது, ஆய்வுகூடம் எந்தக் கன்றில் அது வந்திருக்கிறது என்று அடையாளம் காணத்தான் உதவியது. பங்களாதேசில் 2014 முதல் பயிரிடப்படுகிற பி.ரி. கத்தரி வேறு வகை: அதில் ஒரு மண் பற்றீரியாவின் பரம்பரையலகைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் உங்கள் விருப்பம், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதாவது தெளிவாக இருக்கட்டும்.

கடைசியாக, பழைய நெல்லை "விளைச்சல் இல்லை" என்று கைவிடுவது. நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சியைத் தாங்கும் என்று 1973 இல் வந்த ஐ.ஆர். 26 என்ற புது நெல், பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அதற்கு இரையாகிவிட்டது. காரணம், நெற்சப்பியில் பார்த்த அதே கணக்குத்தான். பிறகு புது எதிர்ப்புத்தன்மையைத் தேடியபோது கைகொடுத்தவற்றில் நம் நாட்டு நெல்லான ரத்து ஹீனட்டியும் பாபவீயும் இருந்தன. விளைச்சல் குறைந்த அந்த நெல்லை யாரோ ஒரு கமக்காரர் விடாமல் விதைத்து வந்ததால்தான் அது கிடைத்தது. கன்னொறுவையில் விதை வங்கி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, வேண்டியதும்கூட. ஆனால் குளிரில் கிடக்கிற விதை வைத்த நாளில் இருந்தபடியே கிடக்கும், வெளியே பூச்சியும் நோயும் மாறிக்கொண்டே போகும். வீட்டில் பானையில் போட்டு மூடினாலும் நம் வெக்கையில் ஓரிரு ஆண்டில் முளைப்பு போய்விடும். உங்கள் அம்மப்பா காலத்து நெல் ஒரு பிடி இருந்தால் இந்த மாரிக்கே வளவின் மூலையில் பத்தடிக்குப் பத்தடி இடம் ஒதுக்கி விதையுங்கள்.