மேப்பிள் பாணி கலங்காமல் இருக்க: சூடு ஆறுமுன் வடியுங்கள்

ஒன்ராறியோவில் பெப்ரவரி கடைசியில் இரவு உறைந்து பகலில் உருகத் தொடங்கிவிட்டால் எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது. பின்வளவில் நிற்கும் நாலு சுகர் மேப்பிள் மரங்களிலும் வாளி கட்டிவிடுவேன். துளை போடுவது, சாறு சேர்ப்பது, வெளியில் அடுப்பு மூட்டி வற்ற வைப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏறக்குறைய 40 லீற்றர் சாறு வற்றி 1 லீற்றர் பாணியாகும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். அவ்வளவு பாடுபட்டு எடுத்த பாணி போத்தலுக்குள் கலங்கி நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதல் வருடம் நான் எடுத்த பாணி அடுப்பிலிருந்து இறக்கும்போது தேன் நிறத்தில் மின்னியது. மூன்றாம் நாள் பார்த்தால் போத்தலின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பழுப்பு மண்டி. கரண்டியால் கொஞ்சம் வழித்து நாக்கில் வைத்தேன். ஈரக் களிமண் போல வழவழத்து, கடைசியில் பல்லில் நறநறத்தது.

இங்கே இதை 'சுகர் சாண்ட்' என்கிறார்கள், 'நைட்டர்' என்றும் சொல்வார்கள். பெயரில்தான் சீனியும் மணலும். உண்மையில் அதில் பெரும்பங்கு கல்சியம் மாலேட். மரச் சாற்றில் கல்சியம் உண்டு. பச்சை அப்பிளுக்குப் புளிப்பைக் கொடுக்கும் மாலிக் அமிலமும் உண்டு. தண்ணீர் நிறைய இருக்கும்வரை இரண்டும் கரைந்து கிடக்கும். தண்ணீர் வற்ற வற்ற இடமில்லாமல் சேர்ந்து துகளாகப் பிரியும். தின்றால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனாலும் கனடாவில் 'கிரேட் ஏ' என்று விற்கும் பாணியில் கலங்கல் இருக்கக்கூடாது என்பது விதி.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த மண்டி கொதியின் கடைசிக் கட்டம்வரை உருவாகிக்கொண்டே இருக்கும். சாறாக இருக்கும்போது நீங்கள் எத்தனை தரம் வடித்தாலும் பூச்சியும் பட்டைத்தூளும்தான் போகும். மண்டியை எடுக்க வேண்டுமானால் பாணி பதம் வந்த பிறகுதான் வடிக்க வேண்டும்.

எதனால் வடிப்பது

சீஸ் துணி வேண்டாம், மண்டி அப்படியே அதற்குள்ளால் இறங்கிவிடும். கோப்பி வடிக்கும் கடதாசியும் வேண்டாம். இரண்டு நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். காத்திருக்கும் நேரத்தில் பாணி ஆறித் தடித்து, பிறகு சொட்டுக்கூட இறங்காது.

வாங்க வேண்டியது தடித்த ஃபெல்ட் துணியில் (நெய்யாமல் இழைகளை அமுக்கிச் செய்த துணி) கூம்பு வடிவில் தைத்த வடிகட்டி. அதற்குள்ளே போட, அதே வடிவில் கடதாசி போன்ற மெல்லிய உள்வடிகட்டிகள் நாலைந்து. ஃபெல்ட்டில் கம்பளியும் உண்டு, செயற்கை இழையும் உண்டு. என் தெரிவு செயற்கை இழைதான். கம்பளியை முதல் தரம் கொதிநீரில் போட்டபோது நனைந்த ஆட்டின் மணம் வந்தது, அது போக மூன்று தரம் அவிக்க வேண்டியிருந்தது. எதை வாங்கினாலும் புதியதை வெறும் தண்ணீரில் அவித்து எடுக்காமல் பாவிக்காதீர்கள்.

பதம் பார்ப்பது

தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 பாகை செல்சியஸ் கூடுதலாகப் பாணி கொதித்தால் பதம். ஆனால் தண்ணீர் எப்போதும் சரியாக 100-இல் கொதிப்பதில்லை. இடத்தின் உயரமும் அன்றைய காற்றழுத்தமும் அதை மாற்றும். ஆகவே அன்று காலையில் அதே வெப்பமானியை வெறும் கொதிநீரில் வைத்துப் பாருங்கள். 99.5 காட்டினால் உங்கள் பாணிக்கு 103.5. கடைசிப் பாகைகளில் நுரை பொங்கும்; ஒரு துளி வெண்ணெய் விட்டால் உடனே அடங்கும்.

வடிகட்டியை நனைப்பது

நான் இரண்டு வருடம் தவறவிட்டது இந்தப் படியைத்தான். காய்ந்த ஃபெல்ட்டில் ஊற்றினால் பாணியை அது பஞ்சு போலக் குடித்துவிடும். ஒரு லீற்றர் ஊற்றிய எனக்குக் கீழே கிடைத்தது அரை லீற்றருக்குச் சற்று மேல். மிச்சமெல்லாம் துணிக்குள் ஆறி இறுகிப்போனது.

பாணி பதத்துக்கு வரப் பத்து நிமிடம் இருக்கும்போதே வடிகட்டியையும் உள்வடிகட்டிகளையும் கொதிநீரில் போடுங்கள். இடுக்கியால் தூக்கி, இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தித் தண்ணீரை இறக்குங்கள். முறுக்கிப் பிழியக்கூடாது, இழை பிரிந்து ஓட்டை விழுந்தால் பிறகு மண்டி அந்த வழியால் இறங்கும். உள்வடிகட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக ஃபெல்ட்டுக்குள் போட்டு, ஆவி பறக்கும் ஈரத்தோடு உடனே பாத்திரத்தின் மேல் கட்டுங்கள். நான் உயரமான பானையின் விளிம்பில் உடுப்புக் கிளிப் ஆறு போட்டு மாட்டுகிறேன்.

ஊற்றுவது

அடுப்பிலிருந்து இறக்கியதும் ஊற்றுங்கள். தொலைபேசி அடித்தாலும் எடுக்க வேண்டாம். மேலே ஒரு மூடி போட்டால் சூடு நிற்கும். முதலில் நூல் போல இறங்கும், பிறகு சொட்டாகும். சொட்டும் நின்றால் முதல் உள்வடிகட்டி அடைத்துவிட்டது என்று அர்த்தம். அதன் கிளிப்பைக் கழற்றி, ஒரு பக்கத்தைத் தூக்கி, உள்ளே நிற்கும் பாணியை அடுத்த உள்வடிகட்டிக்குள் சரித்துவிட்டு வெளியே எடுங்கள். அதன் சுவரில் சாம்பல் பூசியதுபோல மண்டி ஒட்டியிருக்கும். அதைப் பார்க்கும்போது வரும் நிம்மதி தனி.

அவசரப்பட்டு வடிகட்டியைக் கையால் அமுக்கவோ கரண்டியால் சுரண்டவோ வேண்டாம். அமுக்கினால் துணியில் தங்கிய மண்டி கீழே இறங்கி, தெளிந்த பாணி முழுவதையும் கலக்கிவிடும்.

எல்லாம் இறங்கிய பிறகு, கீழே இருந்த பானையை எடுத்துவிட்டு வேறொரு பாத்திரத்தை வைத்து இரண்டு கோப்பை கொதிநீரை வடிகட்டிக்குள் ஊற்றுங்கள். துணியில் ஊறிய இனிப்பெல்லாம் வந்துவிடும். எங்கள் வீட்டில் அன்றைய தேத்தண்ணிக்கு அதுதான், சீனி போடுவதில்லை.

போத்தலில் அடைப்பது

வடித்த பாணி ஆறியிருந்தால் மெல்லிய நெருப்பில் 82 முதல் 85 பாகைவரை சூடாக்கி, அந்தச் சூட்டோடு அடைத்து, இரண்டு நிமிடம் போத்தலைச் சரித்து வையுங்கள். மூடியும் கழுத்தும் அந்தச் சூட்டில் சுத்தமாகும்.

இங்கே பலர் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன், நானும் சறுக்கியிருக்கிறேன். பளிங்கு போல வடித்த பாணியை, நன்றாகச் சூடாகட்டும் என்று மறுபடி கொதிக்க விட்டேன். கொதித்தால் இன்னும் தண்ணீர் போகும். தண்ணீர் போனால் புதிதாக மண்டி பிறக்கும். அடுத்த நாள் போத்தலெல்லாம் கலங்கி நின்றது. வடித்த பிறகு 90 பாகையைத் தாண்டவே விடாதீர்கள்.

கொஞ்சமாக எடுப்பவர்களுக்கு

ஒரு லீற்றருக்குக் குறைவாக இருந்தால் வடிகட்டியே வேண்டாம். சூட்டோடு உயரமான கண்ணாடிப் போத்தலில் விட்டு, ஆறியதும் பிரிட்ஜில் ஒரு வாரம் அசையாமல் வையுங்கள். மண்டி அடியில் படியும், மேலே இருப்பதை மெதுவாக இறுத்து மறுபடி 85 பாகைக்குச் சூடாக்கி அடையுங்கள். என் அம்மாவுக்கு இது புதிதே இல்லை. ஊரில் பனையிலிருந்து இறக்கும் இனிப்பான கருப்பநீரைக் காய்ச்சமுன் சுண்ணாம்பைத் தெளிய வைத்து இறுப்பது இப்படித்தான். நான் போத்தலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும்போது, "தெளியட்டும் தம்பி, ஆட்டாதை" என்பார்.

பின்சேர்க்கை: நீங்கள் கேட்டவை

அடியில் இருப்பது மண்டியல்ல, கற்கண்டு போலக் கட்டி கட்டியாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வடிப்பில் வந்த பிழை அல்ல. பதம் தாண்டிக் காய்ச்சிவிட்டீர்கள், சீனியே கட்டிப்பட்டிருக்கிறது. பாணியில் சீனியின் அளவு 66 முதல் 67 வீதம் இருந்தால் போதும். கட்டிகளைக் கொஞ்சம் சுடுநீரில் கரைத்துத் தேத்தண்ணிக்குப் பாவியுங்கள்.

பெரிய பண்ணைகளில் டயற்றம் மண் எனும், நுண்பாசி ஓடுகளாலான மாவைக் கலந்து, அழுத்த வடிகட்டியால் வடிக்கிறார்களே, அந்த மாவை வீட்டிலும் போடலாமா என்று இன்னொரு கேள்வி. கூம்பு வடிகட்டிக்கு அது தேவையில்லை. போட்டே ஆக வேண்டுமென்றால் உணவுத் தரம் என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள், நீச்சல் குளத்துக்கு விற்பதைத் தொடவே வேண்டாம். அந்தத் தூளைச் சுவாசிப்பதும் நல்லதல்ல.

மூன்றாவது, பாணியில் சவர்க்கார மணம். வடிகட்டியைச் சவர்க்காரத்தில் கழுவினீர்களா? ஃபெல்ட் ஒருமுறை பிடித்த மணத்தை விடாது, அந்த வடிகட்டியை இனி வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கத்தை வெளியே புரட்டி வெறும் சுடுநீரில் அலசி, கொடியில் போட்டு நன்றாகக் காய்ந்த பிறகே மடித்து வையுங்கள். உடுப்பு அலுமாரியில் பூச்சி உருண்டைக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.