சிறுகதை எழுதுபவரின் வேலை: குறிப்பேட்டிலிருந்து ஒப்பந்தம் வரை

தமிழில் சிறுகதையை மட்டும் எழுதிக் குடும்பம் நடத்த முடியாது என்பதை இந்த வேலைக்கு வருகிறவர் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்வது நல்லது. ஏற்றுக்கொண்டால் பின்னால் வரும் மனக்கசப்பு குறையும். அன்றாட நேரத்தை எப்படி வகுத்துக்கொள்வது என்ற கேள்விக்கும் நேரான விடை கிடைக்கும். வெகுஜன இதழ்கள் கதைக்குச் சன்மானம் தருகின்றன, ஆனால் அவற்றில் சிறுகதைக்கான பக்கங்கள் முன்பைவிடக் குறைந்துவிட்டன. சிற்றிதழ்களும் இணைய இதழ்களும் பெரும்பாலும் ஆசிரியர்களின் கைப்பணத்தில் நடப்பவை; அவற்றிடம் பணத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆகவே ஒரு வேலை வேண்டும். புதுமைப்பித்தன் நாளிதழ் அலுவலகத்தில் வேலை பார்த்தார், அசோகமித்திரன் 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் இருந்தார், வண்ணதாசன் வங்கியில் பணியாற்றினார். அந்த வேலைகள் அவர்களுடைய எழுத்துக்கு நேரத்தை மட்டும்தான் மறுத்தன. மனிதர்களை அள்ளிக் கொடுத்தன.

வேலையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்கு அமைவது அரிது. அமைந்தால், நாள் முழுதும் சொற்களோடு மல்லுக்கட்ட வைக்கும் வேலையைவிட, நான்கு விதமான ஆட்களை நாள்தோறும் எதிரே கொண்டுவந்து நிறுத்தும் வேலை சிறுகதைக்காரருக்கு உகந்தது என்பது என் கருத்து. விளம்பர நிறுவனத்திலோ செய்தி அறையிலோ இருப்பவர்கள் மாலையில் வீடு திரும்பும்போது மொழி சலித்துப்போயிருக்கும். அவர்கள் காலையில், வேலைக்குக் கிளம்பும் முன்னர் எழுதிவிட வேண்டும். மற்றவர்கள் எந்த நேரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். நேரம் எதுவானாலும் அது நாள்தோறும் ஒன்றாகவே இருப்பதும், அந்நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருப்பதும் முக்கியம். வீட்டில் இடமில்லை என்பது பலருக்கு உண்மையான இடர்ப்பாடு. அசோகமித்திரன் தியாகராய நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். நூலகத்தின் வாசிப்பு மேசை, ஆளில்லாத நேரத்துக் கோயில் மண்டபம், ரயில் நிலையத்து நடைமேடை இருக்கை என்று உங்களுக்கும் ஓர் இடம் அகப்படும்.

குறிப்பேட்டில் கதைக்கருக்களை எழுதிவைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அதைவிடப் பயன் தருவது, காதில் விழுந்த பேச்சை விழுந்தபடியே, எங்கே, யார், எந்தச் சூழலில் சொன்னார் என்பதோடு எழுதிவைப்பது. ரேஷன் கடையில் கைரேகைக் கருவியின் முன்னால் நிற்கும் ஒரு வயதான பெண், “அறுபது வருசம் கிணத்துக் கயிறு இழுத்த கை, எங்கருந்து ரேகை விழும்” என்று சொன்னால், அந்த வாக்கியத்தை அப்படியே பதிவுசெய்ய வேண்டும். “முதுமையும் தொழில்நுட்பமும்” என்று குறித்துவைத்தால் ஆறு மாதம் கழித்து அதைப் பார்க்கும்போது ஒன்றும் எழாது. அவருடைய வாக்கியம் இருந்தாலோ, அவர் எந்த ஊர்க்காரர், வீட்டில் யார் இருக்கிறார்கள், அன்று அரிசி கிடைத்ததா என்று கேள்விகள் தாமாகவே வந்து நிற்கும். கதை அந்தக் கேள்விகளிலிருந்துதான் கிளம்புகிறது.

முதல் வரைவை வேகமாக எழுதுங்கள். சிறுகதையின் முதல் வரைவு மூன்று நான்கு அமர்வுகளுக்கு மேல் நீண்டால் தொனி மாறிவிடும். எழுதியதை உடனே யாருக்கும் காட்டாமல், குறைந்தது மூன்று வாரமாவது எடுத்து வைத்துவிட வேண்டும். அந்த இடைவெளிக்குப் பிறகு செய்கிற திருத்தம்தான் இந்த வேலையின் பெரும்பகுதி என்பதால், அதை ஓர் எடுத்துக்காட்டோடு விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வரைவில் ஒரு கதை இப்படித் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்: “மகன் துபாய்க்குப் போன பிறகு வீடே வெறிச்சோடிப் போயிருந்தது. அவன் விட்டுச்சென்ற பைக்கைப் பார்க்கும்போதெல்லாம் ராமசாமியின் நெஞ்சு கனத்தது. பிரிவுத் துயரம் அவரை வாட்டியது.” இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் மூன்று வாக்கியங்களும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. “வெறிச்சோடி”, “நெஞ்சு கனத்தது”, “வாட்டியது” ஆகிய மூன்றும் எந்தத் தந்தைக்கும் பொருந்தக்கூடியவை என்பதால் ராமசாமி என்ற மனிதர் அங்கே இன்னும் வந்து சேரவில்லை. திருத்திய வடிவம்: “ஞாயிற்றுக்கிழமைதோறும் ராமசாமி மகனுடைய பைக்கை நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டார். அவருக்கு பைக் ஓட்டத் தெரியாது.” துயரம் என்ற சொல் போய்விட்டது, துயரம் போகவில்லை. மகன் எங்கே என்பதை வாசகர் கேட்கத் தொடங்கிவிட்டார்; அந்த விடையை இரண்டாம் பக்கத்தில், காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் குறுஞ்செய்தி ஒன்றின் வழியாகக் கொடுக்கலாம்.

இவ்வாறு ஒவ்வொரு பத்தியிலும் உணர்ச்சியின் பெயர் வருகிற இடத்தை அடிக்கோடிட்டு, அந்த உணர்ச்சியிலிருக்கும் மனிதர் அந்த நேரத்தில் கையால் என்ன செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் மாற்ற வேண்டியதில்லை. சில இடங்களில் “அவளுக்கு அழுகை வந்தது” என்று நேராகச் சொல்வதே சரியாக இருக்கும். அடுத்து, கதையின் கடைசிப் பத்தியை நீக்கிவிட்டுப் படியுங்கள். கதை அதற்கு முந்தைய பத்தியிலேயே முடிந்திருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள்.

உரையாடலை வாய்விட்டுப் படிக்காமல் எந்தக் கதையையும் அனுப்ப வேண்டாம். திருநெல்வேலிக்காரர் “வாரேன்” என்பதும் கோவைக்காரர் “வர்றனுங்க” என்பதும் ஒலி வேறுபாட்டோடு நிற்பவை அல்ல. யாரிடம், எந்த உறவில், எவ்வளவு மரியாதையோடு பேசுகிறார் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. உங்களுக்குப் பழகாத வட்டாரத்தின் பேச்சை எழுத நேர்ந்தால், அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அதற்கு வாய்ப்பில்லையென்றால் அந்தப் பாத்திரத்தைக் குறைவாகப் பேச வையுங்கள்.

அனுப்பும் முன்னர், அந்த இதழின் கடைசி ஐந்தாறு இதழ்களையேனும் படித்திருக்க வேண்டும். கதையை யூனிகோடில் தட்டச்சு செய்து, சந்திப் பிழைகளை நீக்கி, திறந்து திருத்தக்கூடிய கோப்பாக அனுப்புங்கள். புகைப்படமாகவோ வாட்ஸப் செய்தியாகவோ அனுப்பப்படும் கதையை மறுபடி தட்டச்சு செய்யும் ஆள்வசதி எந்த ஆசிரியர் குழுவிடமும் இல்லை. உடன் வரும் கடிதத்தில் கதை உங்கள் சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளியாகவில்லை, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்ற மூன்று செய்திகள் போதும். முகநூலில் பகிர்ந்த கதையும் வெளியான கதையாகவே பல இதழ்களாலும் போட்டிகளாலும் கருதப்படுகிறது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

ஒரு பேரேடு அவசியம். கதையின் பெயர், அனுப்பிய இதழ், தேதி, வந்த பதில், வெளியான இதழின் மாதம், கிடைத்த சன்மானம் ஆகியவற்றை அதில் எழுதி வாருங்கள். நம் இதழ்களில் மறுப்புக் கடிதம் அனுப்பும் வழக்கம் குறைவு. மூன்று மாதம் பதில் இல்லையென்றால் பணிவாக ஒருமுறை விசாரித்து, அதற்கும் பதில் இல்லையென்றால் கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகத் தெரிவித்த பின்னரே அடுத்த இதழுக்கு அனுப்ப வேண்டும். ஒரே கதை இரண்டு இதழ்களில் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களின் நம்பிக்கையும் போய்விடும்.

ஆண்டுக்கு எத்தனை கதை எழுத வேண்டும் என்று புதியவர்கள் கேட்கிறார்கள். மௌனி வாழ்நாள் முழுவதிலும் எழுதியவை ஏறக்குறைய 24 கதைகள்; 1948இல் 42 வயதில் மறைந்த புதுமைப்பித்தன் எழுதியவை நூறை ஒட்டியவை. எண்ணிக்கையை முன்கூட்டி முடிவுசெய்வதால் பயனில்லை.

பத்துப் பன்னிரண்டு நல்ல கதைகள் சேர்ந்ததும் தொகுப்பைப் பற்றி யோசிக்கலாம். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடப்பதால், அதற்குள் நூல் வர வேண்டுமென்றால் ஆடி மாதத்திலாவது கைப்பிரதி பதிப்பாளரிடம் சென்றிருக்க வேண்டும். மார்கழியில் அவசரமாக அச்சாகும் நூல்களில் மெய்ப்பு பார்க்க, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்த, யாருக்கும் நேரம் இருப்பதில்லை. பக்க வடிவமைப்புக்காக எழுத்துரு மாற்றப்படும்போது மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் சிதையக்கூடும் என்பதால், இறுதி மெய்ப்பை நீங்களே சொல் சொல்லாகப் பார்த்துத் தர வேண்டும். அச்சுச் செலவை எழுத்தாளர் ஏற்க வேண்டும் என்று கேட்கும் பதிப்பாளரிடம் முதல் தொகுப்பைக் கொடுக்காதீர்கள், காத்திருப்பது மேல்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதுதான் கதைக்காரர்கள் மிகவும் அலட்சியமாக இருக்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, பணியாளராக அல்லாமல் நீங்களாக எழுதிய கதைக்கு முதல் உரிமையாளர் நீங்களே. அதற்குப் பதிவு கட்டாயமில்லை. உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்து வடிவில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலவரையறை குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டு எனவும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா முழுவதற்கும் எனவும் சட்டம் கொள்கிறது. வேறு ஏற்பாடு எழுதப்படாதவரை, உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதியாகிவிடும். எனவே அச்சு நூலுக்கான உரிமையை மட்டும், குறித்த ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுங்கள். திரைப்படம், மொழிபெயர்ப்பு, ஒலிநூல், மின்னூல் ஆகியவற்றை “அனைத்து உரிமைகளும்” என்ற ஒற்றைச் சொற்றொடருக்குள் விட்டுவிடாமல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி உங்களிடம் நிறுத்திக்கொள்ளுங்கள். உரிமத்தொகை (ராயல்டி) விழுக்காடு எவ்வளவு, கணக்கு எந்த மாதத்தில் வரும், மறுபதிப்புக்கு முன்னர் உங்களிடம் கேட்பார்களா என்பனவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பதிப்புரிமை எழுத்தாளரின் வாழ்நாளோடு முடிவதில்லை. அதற்குப் பின்னரும் 60 ஆண்டுகள் நீடித்து வாரிசுகளுக்குச் செல்கிறது. எந்தக் கதை எந்தப் பதிப்பாளரிடம், எந்த ஆண்டு வரை இருக்கிறது என்பதை மேற்சொன்ன பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி, அது இருக்கும் இடத்தையும் கணினிக் கோப்புகளின் கடவுச்சொல்லையும் வீட்டில் ஒருவருக்குத் தெரிவித்து வையுங்கள்.