கடலூரில் புயல் காலத்தை எதிர்கொள்வது எப்படி?

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரை கடந்தபோது பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை இந்த மாவட்டம் மறக்காது. ஐப்பசி பிறந்ததுமே குடும்ப அட்டையையும் நிலப் பத்திரத்தையும் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பரணில் ஏற்றிவிடுங்கள். மழை விட்டதும் அசந்துவிடாதீர்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் ஓய்ந்த பிறகுதான் சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்துக் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. ஆகவே தண்ணீர் வாசற்படியைத் தொடுவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, முதியவர்களை மேட்டுப் பகுதிக்கு அனுப்பிவிட வேண்டும்.

பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது "அந்தக் காலத்திலும் புயல் அடித்ததே" என்று பெரியப்பா சொன்னால் மறுக்காதீர்கள், அது உண்மைதான். அந்த மாற்றத்துக்கு ஒற்றைப் புயலைச் சான்றாகக் காட்டுவதைவிட, காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதையும், அதனால் அதே வலிமையுள்ள புயலும் கூடுதலாக மழை கொட்டக்கூடும் என்பதையும் அவருக்குப் பொறுமையாக விளக்குங்கள்.